நாற்பத்து நாலா, நாற்பத்தைந்தா

அன்பு மகள் கோரினுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் நலம் என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பேன். இந்தத் தடவை அப்படி எழுதக் கை வரவில்லை, ஆனால் நலமில்லை என்று எழுதவும் காரணம் போதவில்லை, ஆகவே சாப்பிடுகிறோம் தூங்குகிறோம் என்று வைத்துக்கொள். நியூசிலாந்தில் உனக்குக் கோடை முடிந்து குளிர் தொடங்கியிருக்கும், உன் செம்மறி ஆடுகளுக்கு வைத்தியம் பார்க்கிற அவசரத்தில் உன் தொண்டையைக் கவனிக்காமல் விடாதே. இங்கே வயோமிங்கில் பனி இன்னும் போகவில்லை. கன்று போடுகிற காலம், கிழக்குக் கொட்டகையில் ஒரு பசு இரட்டைக் கன்று போட்டிருக்கிறது, ஒன்றை அடுப்பங்கரைக்குக் கொண்டுவந்து அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறேன், அது என் ஏப்ரனைத் தின்றுகொண்டிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்குத் தோட்டா பிரச்சினை. சிரிக்காதே. போன மாதம், பழைய காலத்து மாடு மேய்ப்பவர்கள் மாதிரி உடுத்திக்கொண்டு சுடுகிற எங்கள் துப்பாக்கிக் கிளப் போட்டியில், அவர் இடுப்பில் இருந்த ரிவால்வர் நாற்பத்தைந்து அளவு, அதற்குள் அவர் போட்டது உன் தாத்தாவின் ரைஃபிளுக்கான நாற்பத்து நாலு. அது சற்று ஒல்லி, ஆனாலும் உள்ளே போய் உட்கார்ந்துவிடுமாம். சுட்டபோது டமார் என்று வெடிக்காமல் ஈரச் சாக்கைத் தடியால் அடித்ததுபோல் பொத்தென்றது. டுவெய்ன் கையைத் தூக்கிப் போட்டியை நிறுத்தினார், கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருக்கிற நம் டுவெய்ன்தான், மைதானத்துக்கு அவர்தான் பொறுப்பு. வெளியே எடுத்துப் பார்த்தால் தோட்டாவின் பித்தளைக் கூடு நீளவாக்கில் கிழிந்திருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் டுவெய்ன் அப்பாவைத் தனியே கூப்பிட்டு, எமெட், இனிமே ரெண்டு வகை கொண்டுவராதே, உன் எல்லாத் துப்பாக்கிக்கும் ஒரே தோட்டான்னு ஏதாவது ஒண்ணைப் பிடிச்சுக்கோ, அடுத்த போட்டிக்குள்ள முடிவு பண்ணிட்டு வா, இல்லேன்னா பெஞ்சுல உக்காந்து கை தட்டு என்று சொல்லிவிட்டார். அந்தக் கிளப் இல்லாவிட்டால் உன் அப்பாவுக்கு என்ன இருக்கிறது சொல், மாடுகளும் நானும்தான்.

சரி, ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில் என்ன கஷ்டம், சட்டை எடுக்கிற மாதிரிதானே என்று நினைத்தேன். விளக்கம் கேட்டேன், அதுதான் நான் செய்த தப்பு. இந்த எண்ணெல்லாம் குண்டின் தடிமனாம், ஓர் அங்குலத்தை நூறாகப் பிரித்த கணக்கு, ஆனால் நாற்பத்து நாலு என்பது உண்மையில் நாற்பத்து மூன்றுகூட இல்லையாம். நான் சுடுகிற முப்பத்தெட்டு, முப்பத்தாறுக்கும் குறைவாம். முப்பத்தெட்டு–நாற்பது என்று இன்னொன்று, அது முப்பத்தெட்டே இல்லை, நாற்பதாம், பின்னால் இருக்கிற நாற்பது அந்தக் காலத்தில் உள்ளே எவ்வளவு வெடிமருந்து கொட்டினார்கள் என்கிற கணக்காம். இதற்கெல்லாம் பெயர் வைத்தவன் எந்த நிலையில் இருந்தான் என்று கேட்டேன். அப்பா என்னை முறைத்துவிட்டு, அவன் குடிச்சிருந்தா சரியா வெச்சிருப்பான் என்றார்.

முதலில் நாற்பத்து நாலுதான் என்று முடிவு செய்தார். தாத்தாவின் ரைஃபிள் அது, அதே தோட்டா போகிற ரிவால்வரும் ஒன்று இருக்கிறது, மாடு மேய்த்த பழைய ஆட்கள் ஒரே இடுப்புவாரிலிருந்து இரண்டுக்கும் எடுத்துப் போட்டார்கள், அதுதான் நேர்மை என்றார். எனக்கும் சந்தோஷம். அப்புறம் ஒரு நாள் காலை, நாற்பத்தைந்துதான் என்றார். அதன் பித்தளை தடிப்பு, சுட்ட கூட்டில் திரும்ப மருந்து அடைக்கும்போது நசுங்காது, நாற்பத்து நாலின் கழுத்து காகிதம் மாதிரி, என் விரல் நடுங்குது என்றார். ஆனால் அந்தக் காலத்தில் நாற்பத்தைந்துக்கு ரைஃபிளே யாரும் செய்யவில்லையே, இப்போது செய்வதை வாங்கினால் வேஷம் ஆகிவிடுமே என்று அவரே குறுக்கே பேசினார். மறுபடி நாற்பத்து நாலு. ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கண்டுபிடித்தவர்போல் முகம் மலர வந்து, அதே காரணம், அதே வார்த்தை, அந்தக் குடித்தவன் ஜோக் உட்பட. எனக்கே குழம்பிவிட்டது கோரின். இதை நேற்றும் சொன்னாரா, நான் கனவு கண்டேனா, வேண்டுமென்றே என்னைச் சீண்டுகிறாரா? எதுவும் புரியாமல் நானும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல் சிரித்து வைத்தேன்.

வியாழக்கிழமை டுவெய்ன் நம் வீட்டுக்கு வந்தார். காபி கொடுத்தேன், குடிக்காமல் தொப்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். எமெட் என் கடைக்கு வந்து நாற்பத்தைந்து ரைஃபிள் வேணும்னு சொல்லிட்டுப் போனான், மறுநாள் வந்து அதையே மறுபடி சொன்னான், அதை விடு லோர்னா, எனக்கு ஒரு குறிப்பு எழுதி வெக்கலாம்னு பேனாவை எடுத்தவன், பாதிரியாரே, உன் நிஜப் பேர் என்னன்னு கேட்டான், நானும் அவனும் ஒரே பெஞ்சுல படிச்சவங்க என்றார். உனக்குத்தான் தெரியுமே, கிளப்பில் யாரும் சொந்தப் பெயரைச் சொல்லக்கூடாது, எல்லாருக்கும் ஒரு பட்டப்பெயர், டுவெய்ன் பாதிரியார், உன் அப்பா மந்தக் கழுதை, காட்டுப் பிளம் ஜாம் போடுகிறவள் என்பதால் நான் ஜாம். அங்கே ஒருவன் அடுத்தவர் பெயரை மறந்துபோனாலும் மற்றவர்கள் கண்டுபிடிக்க வழியே கிடையாது.

டுவெய்ன் போன பிறகு அடுப்புக்கு முன்னால் அப்படியே நின்றேன். ஏனென்றால் கிறிஸ்துமஸ் கழிந்ததிலிருந்து உன் அப்பா வீட்டிலும் என்னை ஜாம் என்றுதான் கூப்பிடுகிறார். ஜாம் உப்பு எங்கே, ஜாம் வா கன்றைப் பார் என்று. நான் என்ன நினைத்தேன் தெரியுமா, வெட்கமாக இருக்கிறது எழுத, இந்த வயதில் மனுஷனுக்குக் கொஞ்சல் வந்துவிட்டது என்று உள்ளுக்குள் மகிழ்ந்து தலைமுடியைக்கூடச் சுருட்டிக்கொண்டேன். இப்போது அவர் கூப்பிடும்போதெல்லாம் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்கிறேன். லோர்னா என்று ஒரு தடவை சொல்லமாட்டாரா என்று காது ஏங்குகிறது, கேட்கவும் பயம்.

நேற்று மத்தியானம் நான் கேக் சுடுகிற, குழி குழியான மஃபின் தட்டை எடுத்து மேஜையில் வைத்து, எல்லாத் தோட்டாக்களையும் கொட்டி, குழிக்கு ஒரு வகையாகப் பிரித்துக்கொண்டிருந்தார். பிரித்ததையே திரும்பக் கலைத்துப் பிரித்தார். நான் பீன்ஸ் உரித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். கடைசியில் தட்டை என் பக்கம் தள்ளி, நீயே சொல்லு, எது என்றார். எனக்கு எல்லாம் ஒண்ணு மாதிரிதான் தெரியுது என்றேன். அவர் என் முகத்தையே பார்த்து, எனக்கும் அப்படித்தான் இருக்கு ஜாம், அதான் பயமா இருக்கு என்றார். அழுதேன். அவரும் அழுதார், கன்று வேறு கத்தியது. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, உன்னோட முப்பத்தெட்டையே வெச்சுக்குவோம், அதை விட்டா வேற ஒண்ணும் வீட்டுல இருக்க வேண்டாம், தோட்டாப் பெட்டிச் சாவியும் உங்கிட்ட, நீ எடுத்துக் குடு நான் சுடறேன், தப்பாப் போனா பழியை உன் மேல போட்டுடலாம் என்றார். முப்பத்தெட்டைப் பொம்மைத் துப்பாக்கி என்று என்னைக் கேலி செய்தவர் இவர்தான்.

மற்றதையெல்லாம், தாத்தாவின் ரைஃபிள் உட்பட, இன்று காலை டுவெய்ன் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார், விற்க அல்ல, பத்திரமாக வைக்க. வெள்ளிக்கிழமை காஸ்பர் நகரத்தில் டாக்டரைப் பார்க்கிறோம், அவர் சரி என்றால்தான் போட்டி, இல்லையென்றால் நாங்கள் இரண்டு பேரும் பெஞ்சில். இது சரிதானா, நான் அவசரப்பட்டேனா, துப்பாக்கியே வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டுமா, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. டிக்கெட் எடுக்கிறேன் என்று உடனே ஓடிவராதே, டாக்டர் சொல்வதை எழுதுகிறேன், அதன்பின் யோசிக்கலாம். நன்றாகச் சாப்பிடு, ஈரக் காலுறையோடு நிற்காதே. கடவுள் உன்னைக் கையில் வைத்துக் காப்பாற்றட்டும், நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடி முடியட்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அப்பா எடுத்தால், நான்தாம்ப்பா என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச ஆரம்பிக்காதே. முதலில் கோரின் பேசறேன் என்று பெயரைச் சொல். யார் என்று கேட்க அவர் வெட்கப்படுவார்.

உன் அன்பு அம்மா,
லோர்னா