ஆயிரத்து எழுநூற்று அறுபத்து நான்கு காலடிகள்

ஜூலை 4, வெள்ளி

விடிந்ததிலிருந்து சாரல். பஸ் இருபது நிமிடம் தாமதம். சாக்ஸைப் பிழிந்து சத்துணவு அடுப்போரம் காயப்போட்டேன். சமைக்கிற புஷ்பா பார்த்துவிட்டாள். "சாம்பார்ல வாசம் ஏறிரப் போகுதுங்க டீச்சர்."

வருகை: ஒன்பதில் எட்டு. ஒன்றாம் வகுப்பு நித்திஷுக்குக் காய்ச்சல். ஐந்து வகுப்புக்கும் நான் ஒருத்திதான், எனக்குக் காய்ச்சல் வரக்கூடாது.

வெள்ளிக்கிழமை, அதனால் வாராந்திரச் செயல்பாடு (இனி வா.செ., கை வலிக்கிறது). இதுவரை கொடுத்தவையும் வந்தவையும்:

– வீட்டில் உள்ள வட்டமான பொருள்கள். ஆறு பேர் தட்டு. பிரதீப் மட்டும் 'அப்பா வயிறு'.
– ஒரு வாரத்து வானிலை. ஏழு நாளும் மழை என்று சனிக்கிழமையே எழுதி முடித்துவிட்டார்கள். தப்பென்றும் சொல்ல முடியவில்லை, ஏழு நாளும் மழைதான்.
– ஐந்து வகை இலை. பாதிப் பேர் நோட்டில் ஐந்தும் தேயிலை.

இன்று: பள்ளி கேட்டிலிருந்து உனக்குப் பிடித்த இடத்துக்கு வழிப்படம். காலடி எண்ண வேண்டும். நூறு அடிக்கு ஒரு கல்லைப் பையில் போட்டுக்கொண்டால் கணக்கு மறக்காது.

நான்காம் வகுப்பு ஹர்ஷினி எழுந்து கேட்டாள். "ஓடைய எகிறித் தாண்டுனா அது ஒரு அடிங்களா, ரெண்டு அடிங்களா டீச்சர்?"

இந்த மாதிரி ஒரு கேள்வி மாதத்துக்கு ஒன்று வந்தால் போதும், ஓய்வு வரை ஓட்டிவிடுவேன்.

ஜூலை 7, திங்கள்

மூடுபனி. எதிரில் வரும் ஆள் தெரியவில்லை.

வா.செ. கொண்டுவந்தவர்கள் ஐந்து பேர். மற்றவர்கள் வழக்கம்போல 'ஊட்டுல வெச்சுட்டு வந்துட்டேன்'.

ஹர்ஷினியின் படம் தனி. எஸ்டேட்டின் கீழ் லைன் வீடுகளில் அவள் அத்தை வீடு, அதுதான் பிடித்த இடமாம். அத்தை வீட்டை ஒட்டியே கீழ்ப்பள்ளி, எங்களைப் போல இன்னொரு அரசுப் பள்ளி. கேட், தண்ணீர்த் தொட்டி, சோலை, ஓடை, அத்தை வீடு, மஞ்சள் நிறத்தில் கீழ்ப்பள்ளி. சோலைக்குப் பக்கத்தில் காட்டெருமை ஒன்று, கால்களுக்கு வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி, உள்ளபடியே. அடியில்: கீழ்ப்பள்ளிச் சுவர் வரை 1764 அடி. எகிறியது ஒன்று.

சிவப்பில் 'மிகச் சரி' போட்டேன். போட்டோ எடுத்து கல்வி ஆபீஸ் குரூப்பில் ஏற்றினேன். கொஞ்சம் பெருமைதான், மறைப்பானேன்.

ஜூலை 9, புதன்

மழை விட்டு அரை மணி வெயில். வெளியே விட்டேன், ஒன்பதும் சேற்றில்.

ஆபீஸிலிருந்து பாராட்டு. எங்கள் படம் மாதிரிச் செயல்பாடாம். ஹர்ஷினியிடம் சொன்னேன். சிரிக்கவில்லை, காது மட்டும் சிவந்தது.

மாலை அவள் அம்மா செல்வி, கொழுந்து பறித்துவிட்டு, மழைக்குக் கட்டும் படங்குச் சாக்கு ஈரத்தோடு இடுப்பில் இருக்க, அப்படியே வந்தாள். "ஏனுங்க டீச்சர், இவ படத்த பெரிய ஆபீஸ்ல ஒட்டியிருக்காங்களாமா? லைன் பூராவும் சொல்லிட்டுத் திரியறா." ஆமாம் என்றேன்.

ஜூலை 14, திங்கள்

ஊட்டியில் கூட்டம். எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

போன வருடம் எங்கள் பள்ளியைக் கீழ்ப்பள்ளியோடு இணைக்கப் பார்த்தார்கள். ரோட்டு வழி நான்கு கிலோமீட்டர், பஸ்ஸும் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். கைவிட்டார்கள். இன்று அதிகாரி திரையில் ஹர்ஷினியின் படத்தைப் போட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

"குறுக்கு வழி இருக்குன்னு டீச்சர் போன வருசம் சொல்லவே இல்லீங்களே," என்றார். "அடிக்கு அரை மீட்டர் போடுங்க. எண்ணூத்தி எண்பத்திரெண்டு மீட்டர். ஒரு கிலோமீட்டருக்குள்ள வந்துருச்சு, ரூல்படி இணைச்சிரலாம்."

அது சோலை ஓரத்து ஒற்றையடிப் பாதை சார், காட்டெருமை நிற்கிற இடம், படத்திலேயே இருக்கிறது என்றேன்.

"குழந்தைங்கன்னா மாடு, மயிலு எல்லாம் வரையத்தான் செய்வாங்க டீச்சர்."

காலடி ஆதாரமாம், காட்டெருமை அலங்காரமாம். இரண்டையும் வரைந்தது ஒரே கை.

என் கையாலேயே அனுப்பிவைத்தேன். முட்டாள், முட்டாள். பஸ்ஸில் கேத்தி வரை அழுதேன். பக்கத்து ஸீட் அம்மாள் வாந்தி வருகிறதா என்று எலுமிச்சம்பழம் கொடுத்தாள்.

ஜூலை 15, செவ்வாய்

மழை. தலைவலி. மாத்திரை இரண்டு.

ஒன்றாம் வகுப்பில் மூன்று பேர். நித்திஷ் என் இடுப்புக்குக்கூட வரமாட்டான். காலை எட்டரை மணி மூடுபனியில் அவன் அந்தச் சோலையைத் தாண்டிப் போவதை நினைத்துக்கொண்டே கூட்டல் நடத்தினேன். கரும்பலகையில் நானே தப்பாகப் போட, ஹர்ஷினி திருத்தினாள்.

ஒரே வழி தெரிகிறது. அவள் எண்ணியது தப்பாக இருக்க வேண்டும். ஒன்பது வயதுக் குழந்தை, ஆயிரத்துக்கு மேல் எண்ணினால் தப்பாமல் இருக்குமா?

ஜூலை 17, வியாழன்

பள்ளி விட்டதும் நடந்தோம். ஹர்ஷினி, நான், துணைக்குப் புஷ்பா. அவள் எண்ண, நானும் அவள் கால்களைப் பார்த்து மனசுக்குள் எண்ணினேன். நூறுக்கு ஒரு கல், என் கையில் கொடுத்தாள்.

சோலை திரும்பும் இடத்தில் நின்றிருந்தது. ஒற்றைக் காட்டெருமை. பாதையிலேயே. புஷ்பா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். இருபது நிமிடம் அசையவில்லை, அதுவும் நாங்களும். ஹர்ஷினி உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தாள். சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்துக் குனிந்து கேட்டேன்.

"எண்ணூத்திப் பன்னெண்டு, எண்ணூத்திப் பன்னெண்டு, எண்ணூத்திப் பன்னெண்டு."

மறந்துவிடக் கூடாதாம்.

அது சோலைக்குள் இறங்கிய பிறகு எண்ணூற்றுப் பதின்மூன்று. ஓடையை எகிறினாள், ஒன்று. மஞ்சள் கட்டடச் சுவரைத் தொட்டபோது என் கையில் பதினேழு கல், அவள் வாயில் அறுபத்து நான்கு.

ஒரு அடி கூடத் தப்பவில்லை. தப்ப வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்தேன். நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

"சரிங்களா டீச்சர்?"

சரி என்றேன். கால் பூராவும் அட்டை. உப்பு வைத்துப் பிடுங்கினேன்.

ஜூலை 18, வெள்ளி

ஆபீஸுக்குக் கடிதம் எழுதி அனுப்பினேன். 'மாணவி முதலில் தவறாக எண்ணிவிட்டாள். என் முன்னிலையில் மீண்டும் எண்ணியதில் 2310 காலடிகள்.' அரை மீட்டர் கணக்கில் கிலோமீட்டரைத் தாண்டும்.

கையெழுத்து, முத்திரை. இருபத்திரண்டு வருட வேலையில் இப்படி ஒரு பொய் எழுதியதில்லை. காட்டெருமையை நிஜம் என்று சொன்னேன், நம்பவில்லை. இதை நம்புகிறார்களா பார்க்கலாம்.

வா.செ. கொடுக்க மறந்துவிட்டேன்.

ஜூலை 21, திங்கள்

அதிகாரி வந்தார். சொல்லாமல் கொள்ளாமல், ஜீப்பில். பாதை தொடங்கும் இடம் வரை போனார். சேற்றைப் பார்த்தார், தன் ஷூவைப் பார்த்தார், திரும்பிவிட்டார்.

வகுப்புக்குள் வந்து, "படம் வரஞ்ச பாப்பா யாரு?"

ஹர்ஷினி எழுந்தாள். தலை பின்னி ரிப்பன் கட்டியிருந்தாள். பரிசு கொடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்திருப்பாள்.

"எத்தனை அடி பாப்பா?"

"ஆயிரத்து எழுநூத்தி அறுபத்தி நாலுங்க சார்."

"டீச்சர் கூட மறுபடி எண்ணுனப்ப ரெண்டாயிரத்து முந்நூத்திப் பத்து வந்துச்சாமே? மொத தடவ தப்பா எண்ணிட்டியா?"

என்னைப் பார்த்தாள். நான் சாக்பீஸைப் பார்த்தேன். நித்திஷ் மூக்கை உறிஞ்சியது கேட்டது.

"டீச்சர் சொன்னா சரியாத்தானுங்க சார் இருக்கும். நாந்தான் தப்பா எண்ணிட்டேனுங்க."

"பரவால்ல, குழந்தைதானே," என்று தலையில் தட்டிவிட்டுப் போனார்.

மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. வயிறு வலி என்றாள். கூப்பிட்டு ஏன் என்று சொல்லலாம் என்று இரண்டு முறை எழுந்தேன். என்னவென்று சொல்வது? பொய் சொன்னது நான் என்றா? லைன் பூராவும் சொல்லிவிடுவாள், ஆபீஸ் வரை போகும். உட்கார்ந்துவிட்டேன். கோழை.

ஜூலை 24, வியாழன்

காற்று. ஒரு கற்பூரமரம் ரோட்டில் விழுந்து பஸ் இல்லை, நடந்தே போனேன்.

ஆபீஸிலிருந்து போன். இணைப்பு இல்லை, பள்ளி அப்படியே இருக்கும்.

புஷ்பா கேசரி கிளறினாள். பிள்ளைகள் எதற்கென்று தெரியாமலே சாப்பிட்டார்கள். என் பங்கை நித்திஷ் தட்டில் வைத்தேன்.

செல்வி வழியில் பார்த்துக் கேட்டாள். "இவ தப்பா எண்ணிப் போட்டாளாமா டீச்சர்? ஆபீசருக்கு முன்னால உங்க மானத்த வாங்கிட்டாளேன்னு நல்லா வெச்சேனுங்க ரெண்டு." அடிக்காதே என்றேன். அதை மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன்.

ஜூலை 25, வெள்ளி

வா.செ.: உன் வீட்டு வாசலிலிருந்து தண்ணீர்க் குழாய்க்கு எத்தனை அடி? படம் வரைக. சின்னப் பிள்ளைகளும் செய்யலாம். ஹர்ஷினிக்கு இது ஒன்றுமே இல்லை. அவளுக்காகத்தான் கொடுத்தேன்.

பதினேழு கல்லும் இன்னும் என் கைப்பையில்.

ஜூலை 28, திங்கள்

மழை இல்லை. வருகை ஒன்பது. அதிசயமாக ஒன்பது பேரும் வா.செ. கொண்டுவந்தார்கள். பிரதீப் 40. நித்திஷ் 100, அவனுக்கு அதற்கு மேல் தெரியாது.

ஹர்ஷினி படம் அழகு. வாசல், கோழி, குழாய், குடம், வரிசையில் நிற்கும் அம்மா. எண் போட வேண்டிய இடம் மட்டும் வெறுமை.

"எண்ணலையா ஹர்ஷினி?"

"எண்ணுனேனுங்க டீச்சர்."

"அப்புறம் ஏன் எழுதல?"

பென்சிலை எடுத்து அந்த வெறும் இடத்தில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். கோபம் இல்லை, குறும்பு இல்லை. ஒழுங்கான பிள்ளை.

"நீங்களே சொல்லிருங்க டீச்சர். எத்தனைன்னு போடட்டுங்க?"