கடைசி ஆளுக்கும் கேட்கணும்

மார்ச் 4, செவ்வாய்

மூன்றாமாண்டு மருத்துவ மாணவர்களுக்கு இன்று வார்டில் பாடம். "மருந்து எழுதிக் குடுத்தா போதாது. அத வீட்டுல சாப்பிட விடுவாங்களான்னு கேளுங்க" — என் வழக்கமான வசனம்.

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு தையல்காரி. இதய வால்வில் பழுது. இன்னொரு பிரசவத்தை அந்த இதயம் தாங்காது. கணவரை வெளியே அனுப்பிவிட்டுப் பேசச் சொன்னேன். பேசியது 'முணுமுணுப்பு' என்கிற மாணவி. வகுப்பு வைத்த பெயர் அது. அந்தப் பெண் பேசினால் அவள் சட்டைப் பொத்தானுக்குத்தான் கேட்கும். ஆனால் தையல்காரி அவளிடம் மனதைத் திறந்துவிட்டாள். "அவருக்கு இன்னொண்ணு வேணுமாம். எனக்கு உயிர் வேணும்" என்றாளாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கருத்தடை ஊசி, வீட்டுக்குத் தெரியாமல். அடுத்தது இருபத்தொன்றாம் தேதி.

"நாளைக்கு ரவுண்ட்ஸ்ல நீதான் சொல்ற" என்றேன். பெருமையாக இருந்தது.

மார்ச் 5, புதன்

ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்.

கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர். முணுமுணுப்பு பாதியைச் சொன்னாள், பாதியை விழுங்கினாள். "சத்தமா சொல்லும்மா, கடைசி ஆளுக்கும் கேக்கணும்." குடும்பச் சூழல் என்ற இடம் வந்ததும் தயங்கி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் புரிந்திருக்க வேண்டாமா? சபைக் கூச்சம் என்று நினைத்தேன். "முழுங்காத. சத்தமா!"

சொன்னாள். ஊசி, தேதி, ஒளித்தது, எல்லாம். முதல் தடவையாகக் கணீரென்று.

கடைசி ஆள் தையல்காரியின் கணவர். திரைக்குப் பின்னால், கையில் வெந்நீர் ஃபிளாஸ்க்கோடு. அவர் கத்தவில்லை. மூடியைத் திருகி மூடினார். "கெளம்பு" என்றார். அவ்வளவுதான். மதியத்துக்குள் கட்டில் காலி.

அதோடு விட்டேனா? வராந்தாவில் எல்லார் எதிரிலும் அந்தப் பெண்ணைப் பிடித்துக்கொண்டேன். "பின்னாடி யாரு நிக்கறாங்கன்னு பாக்க மாட்டியா?"

"சரி மேடம்" என்றாள். எதற்குச் சரி? சொல்லச் சொன்னவள் நானல்லவா!

மார்ச் 6

சோறு இறங்கவில்லை. "இன்னைக்கு யாரைத் திட்டின?" என்று சிரித்தார் இவர். திட்டு வாங்க வேண்டியவளே நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

மார்ச் 10, திங்கள்

அன்றிலிருந்து வராத முணுமுணுப்பு இன்று வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். வகுப்பில் சொல்லிவிட்டேன்: "அன்னைக்கு நடந்தது என் தப்பு. இவ தயங்கினா. நான்தான் விடல."

ஒருத்தன் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தான். அவள் தலை நிமிரவில்லை.

சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்பார்கள். எங்கே குறைகிறது? ஊசி தவறிக் கர்ப்பம் தரித்தால் அந்தத் தையல்காரி செத்துப்போவாள். பெண்ணுக்கு வீட்டில் ரகசியம் வைத்துக்கொள்ளக்கூட இடமில்லை என்று வருடாவருடம் பாடம் எடுக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம்.

மார்ச் 13, வியாழன்

நன்றாக இருந்த பையின் ஜிப்பை நானே பிய்த்து, அதைச் சாக்காக வைத்துக்கொண்டு தையல்காரி வேலை செய்யும் கடைக்குப் போனேன். பைத்தியக்காரி மாதிரி.

நிமிர்ந்தாள். இடது கன்னம் கன்றி மஞ்சளாகியிருந்தது. நான் அடித்தது போலவே இருந்தது எனக்கு.

"இன்னைக்குத் தனியாவா? அந்தப் பத்து பேரு வரலயா?"

தேவைதான் எனக்கு. ஊசியைப் பற்றிச் சொல்ல வாய் எடுத்தேன். பக்கத்து மெஷினிலிருந்து ஒரு குரல்: "யாரு அண்ணி இது?" கணவரின் தங்கை. எடுத்த வாயை மூடிக்கொண்டேன். இந்தத் தடவையாவது.

"ஜிப்பு மாத்தணும்" என்றேன்.

"புதன்கிழமை வாங்க."

மார்ச் 19, புதன்

அந்தப் பையின் கதையை முணுமுணுப்பிடம் சொன்னேன். ஏதோ சொன்னாள், காதைக் கொண்டுபோனேன். "நான் போய் வாங்கிட்டு வரேன் மேடம்."

வாங்கி வந்தாள். அங்கே என்ன பேசினாள்? பேசினாளா? கேட்கத் துடித்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஜிப் அருமையாக ஓடுகிறது.

மார்ச் 21, வெள்ளி

இன்று தையல்காரியின் ஊசித் தேதி. காலையிலிருந்து புறநோயாளிப் பிரிவின் வாசலிலேயே என் கண். வரமாட்டாள், எந்த நம்பிக்கையில் வருவாள் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது வந்தாள். தனியாக, கையில் நூல்கண்டுகள் நிறைந்த பை. நூல் வாங்கப் போவதாகச் சொல்லியிருப்பாள்.

என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நேராக முணுமுணுப்பிடம் போனாள். அந்தப் பெண் அவளை உட்காரவைத்துத் திரையை இழுத்தாள். பிறகு, பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள்.

நான் நின்றுகொண்டிருந்தேன்.

தள்ளிப் போனேன், சுவர் வரைக்கும். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் ஊசித் தட்டோடு உள்ளே போனார். உள்ளே ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தைகூட எனக்குக் கேட்கவில்லை.