பதினொரு அந்தூரியம்

2025 மே 4, ஞாயிறு, காலை 6.40

அந்தூரியச் சாடி பதினொன்று. பூ ஏழு. மனைவி தேனுகா நேற்றுப் பிள்ளைப்பேற்றுக்குத் தர்மபுரத்தில் தாய் வீட்டுக்குப் போனாள். வாடகை வானில் ஏறிக் கதவைச் சாத்தும்போதும், "தண்ணி மட்டும் விடுங்கோ. வேற வித்தை ஒண்டும் வேண்டாம்" என்றாள்.

நான் புளியங்குளத்தில் குடிதண்ணீர் பில்டர் பூட்டுகிறவன். வித்தைதான் தொழில்.

மே 7

வீட்டு பில்டர் ஒரு லீற்றர் தர மூன்று லீற்றரை வெளியே கழிக்கிறது. வீண். அந்தக் குழாயைச் சாடிகளுக்குத் திருப்பி டைமர் பூட்டினேன். நன்றாக வேலை செய்கிறது. மிஞ்சிய டைமர் தொட்டிலுக்கு. சின்ன மோட்டர் ஒன்று போதும், தானே ஆடும். படம் கீறிவிட்டேன்.

மே 19

இலை ஓரம் கருகுகிறது. வெயில். தண்ணீரைக் கூட்டினேன்.

மே 24

ஐந்து செத்துவிட்டது. பின்னேரம் தேனுகா வீடியோவில் வந்தாள்.

"பூவைக் காட்டுங்கோ."

"இருட்டிப் போச்சு."

"நாலு மணிக்கோ?"

பின்னால் மாமியின் குரல்: "சாடி பாக்கத் தெரியாதவர் பிள்ளையை என்னண்டு பாக்கிறது? ஆறு மாசம் இஞ்சயே இருக்கட்டும்."

பிள்ளை பிறந்து முப்பத்தொரு நாள் துடக்குக் கழிய வருவதாகத்தான் கதை. ஆறு மாதமோ? இந்த வீட்டில் நான் தனியவோ?

மே 25

சாடி விளிம்பில் வெள்ளைப் படை. தண்ணீர் கொதிக்கிற கேத்தில் அடியில் பிடிப்பது போல. உப்பு அளக்கிற மீற்றரை வைத்துப் பார்த்தேன். பில்டர் கழிப்பது கிணற்று உப்பு முழுவதையும். இதைக் குடிக்காதேங்கோ என்று ஊர் ஊராகச் சொல்லித் திரிகிறவன் நான். அதையே கூட்டிக் கூட்டி விட்டிருக்கிறேன். விசரன்.

குழாயைக் கழற்றினேன். இன்னும் இரண்டு தப்பாது.

யூன் 3

பெண் பிள்ளை. இருவரும் சுகம்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே தேனுகா கேட்டாள்: "எத்தினை மிச்சம்?"

"நாலு."

"பூ?"

"இல்லை."

என்ன செய்தேன் என்று முழுதும் சொன்னேன். மாமி வாயைத் திறந்தா. தேனுகா, "அம்மா, கொஞ்சம் பொறுங்கோ" என்றாள். பிறகு பிள்ளையை என் கையில் வைத்தாள்.

"தலையைப் பிடியுங்கோ. புதுசா ஒண்டும் செய்யாதேங்கோ."

பிடித்தேன். ஒன்றும் செய்யவில்லை.

யூன் 4

1. கூரைப் பீலிக்குக் கீழ் மழைத்தண்ணீர் பிடிக்கப் பரல் வைப்பது.
2. அது நிரம்பும் வரை நான்கு சாடிக்கும் நாங்கள் குடிக்கிற தண்ணீர். கோப்பையால். கையால்.
3. யூலை நாலாம் திகதிக்கு, இருவரையும் கூட்டிவர வான் பேசுவது. திகதி தேனுகா சொன்னது.
4. மோட்டர்ப் படத்தைக் கிழிப்பது.
5. தொட்டிலுக்குக் கயிறு வாங்குவது.