பக்கத்துக் கட்டில்

அன்பு மகளுக்கு,

புத்த தியான மையத்திலிருந்து நேற்றுத் திரும்பிவிட்டேன். நீயே பார்த்துப் பதிவு செய்த இடம், குறை சொல்லக்கூடாது. தலையணை உறைகளை மட்டும் இன்னும் நன்றாகத் துவைக்கலாம்.

பத்து நாளும் யாரும் யாரோடும் பேசக்கூடாது என்பது அங்கே விதி. மற்றவர்கள் தவித்துப்போனார்கள். எனக்குப் பழக்கம்தானே.

பக்கத்துக் கட்டிலில் ஒரு தையல்காரி. படுத்தால் குறட்டைதான். அவரவர் மூச்சைக் கவனிக்கச் சொன்னார் குரு. நான் அவள் மூச்சைக் கவனித்துக்கொண்டே தூங்கிப்போனேன். உன் அப்பா போன பிறகு அப்படித் தூங்கியதில்லை.

கடைசி நாள், பேசலாம் என்றதும் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க்கா, முறைச்சுக்கிட்டே இருந்தீங்களே, என் குறட்டைக்கா?"

"என் முகமே அப்படித்தாம்மா."

விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு உன்னைப் பற்றிச் சொன்னதும், "பொண்ணு போன் பண்ணுவாளா?" என்றாள்.

"தினமும் பண்ணுவா. சாயங்காலம் அஞ்சு மணி ஆனா அடிச்சிடும்."

கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். பொய் அவ்வளவு சரளமாக வந்ததில் எனக்கே ஆச்சரியம்.

"அப்ப ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வர்றேன். நானும் அவகிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்" என்றுவிட்டாள்.

ஆகவே ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு ஒருமுறை கூப்பிடு. அவள் முன்னால் நான் பொய்க்காரி ஆகக்கூடாது, அதற்காகத்தான். இதைச் சொல்ல போன் செய்தால் நீ வேலையில் இருப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

ஐந்து மணிக்கு முடியாவிட்டால், அவள் கிளம்பிப் போன பிறகு கூப்பிட்டாலும் சரி. நான் விழித்துத்தான் இருப்பேன்.

உன் அம்மா