வயிற்றில் விட்ட நாற்று

ஒசாகா

அன்புள்ள அப்பாவுக்கு,

கல்பனா எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் எப்படி இருக்கின்றன? போனில் சொன்னால் ஸ்பீக்கரில் போட்டு சுத்துக்கேணி ஊர் முழுக்கக் கேட்க வைப்பீர்கள். இது வயிற்றுப்போக்கு சமாச்சாரம், அதனால்தான் கடிதம். பயப்படாதீர்கள், நின்றுவிட்டது.

டாக்டர் ஆண்டிபயாடிக் கொடுத்தார். அது வயிற்றிலுள்ள நல்ல கிருமிகளையும் சேர்த்துக் கொல்லுமாம். அதை ஈடுகட்ட, உயிருள்ள பாக்டீரியா அடைத்த புரோபயாடிக் கேப்ஸ்யூலும் தந்தார். இரண்டையும் ஒன்றாகப் போடாமல் இடைவெளி விடச் சொன்னார். நீங்கள் விதைநெல்லில் கலக்கும் அசோஸ்பைரில்லம் நுண்ணுயிர் உரத்துக்கும் இதே சட்டம்தானே? யூரியாவோடு சேர்த்தால் செத்துப்போகும் என்று என்னை எத்தனை முறை திட்டியிருக்கிறீர்கள்! எனக்கு உடனே எல்லாம் புரிந்துவிட்டது. விதைநெல்லுக்கு நீங்கள் செய்வதுபோலவே, கேப்ஸ்யூலைப் பிரித்து, ஆறிய கஞ்சியில் கலந்து, அரை மணி நேரம் நிழலில் வைத்தேன்.

என் அறையில் இருக்கும் அரியூர்ப் பெண் சுவேதா அதைப் பார்த்துவிட்டு, "இன்னாடி, வயித்துல நாத்து வுடப் போறியா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்கட்டும். நான் ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

ஆனால் டாக்டர் இன்னொன்றும் சொன்னார் அப்பா. இந்தப் பாக்டீரியா புது இடத்தில் லேசில் ஒட்டாதாம். ஒத்துக்கொள்கிற சாப்பாடு கிடைக்காவிட்டால் கொஞ்ச நாளில் கிளம்பிவிடுமாம். அதனால் அம்மாவிடம் கேழ்வரகு மாவும் மோர்மிளகாயும் கேட்டு அனுப்புங்கள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது, சுவேதா வாசலில் நின்று கத்துகிறாள். பார்சலைச் சீக்கிரம் அனுப்புங்கள். எனக்காகக் கேட்கவில்லை, பாவம், அதுங்களுக்குத்தான்.

உங்கள் மகள்
கல்பனா