போன் ஆரஞ்சு காட்டிய நாளில் அண்ணன் செய்தது

என் ஆசை செல்வம் அண்ணா,

நீ இல்லாமல் ஒரு மழைக்காலம் போய்விட்டது. கொரோனாவிலிருந்தே மீண்டு வந்தவன், போன வருடம் நெஞ்சுவலி என்று உட்கார்ந்தாய், எழுந்திருக்கவே இல்லை. இது என்ன நியாயம், சொல்லு?

நேற்று பெங்களூர் தொம்மலூரில் நம் சந்துக்குச் சுகாதாரப் பணியாளர்கள் வந்தார்கள். எல்லோரும் போனில் ஒரு புது ஆப் போட்டு, சர்க்கரை, பிரஷர் எல்லாம் அதில் ஏற்ற வேண்டுமாம். பாதிக் கதவுகள் உடனே சாத்திக்கொண்டன. எனக்கு உன் நினைப்பு வந்துவிட்டது.

கொரோனா ஆப்பை நீ ஆசைப்பட்டா போட்டாய்? போனில் பச்சை காட்டினால்தான் நீ செக்யூரிட்டியாக இருந்த ஆபீஸில் உன்னையே உள்ளே விடுவார்கள். ஒருநாள் காலையில் அது ஆரஞ்சு காட்டியது. நோயாளி யாரோ உன் பக்கத்தில் இருந்திருக்கிறார் என்று அர்த்தம். அம்மா பயந்துபோய்ச் சொன்னாள்.

“அதை அழிச்சிடுடா. கதவுல நோட்டீஸ் ஒட்டுவாங்க. தண்ணி புடிக்கக்கூட விடமாட்டாங்க.”

நீ முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று கத்தினாய். “எல்லாரும் கேட்டுக்கங்க! என் போன்ல ஆரஞ்சு வந்திருக்கு. டெஸ்ட் எடுக்கிற வரைக்கும் எங்க வீட்டுப் பக்கம் யாரும் வராதீங்க!”

பக்கத்து வீட்டு மஞ்சுளா அக்கா ஜன்னலைத் திறந்து, “உனக்கென்ன பைத்தியமா? அந்த ஆப் சொல்றதெல்லாம் சுள்ளுப்பா, பொய்யி!” என்றாள்.

“இருக்கலாம் அக்கா. எனக்கும் அது மேல நம்பிக்கை இல்ல. ஆனா உங்க வீட்டுல கைக்குழந்தை இருக்கே.”

சந்து நம்மை ஒதுக்கத்தான் செய்தது. குழாயடியில் நான் கடைசி ஆளாகக் காத்து நின்றேன். உனக்கு நோய் உறுதியாகி, உன்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனபோது அம்மா உன்னைத் திட்டிக்கொண்டே அழுதாள்.

மறுநாள் எதிர்வீட்டு டெய்லர் பாய், தள்ளி நின்று மெதுவாகக் கேட்டார். “எங்க வீட்டுல காய்ச்சல்மா. மூச்சு வாங்குது. ஜனங்களுக்குப் பயந்து சொல்லல. செல்வம் எங்க போய் டெஸ்ட் எடுத்தான்?” அன்றே அவர் மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னாராம். இப்போது அந்த அக்கா பேத்தி எடுத்துவிட்டார், அண்ணா. ரம்ஜானுக்கு நம் வீட்டுக்கு வரும் பிரியாணியில் உன் பங்கு என்று தனியாக ஒரு டப்பா வருகிறது.

ஆபீஸில் பச்சை கேட்பதை நிறுத்திய அன்றே நீ அந்த ஆப்பை அழித்துவிட்டாய். “நான் எங்க போறேன், யார்கிட்ட நிக்கிறேன்னு அது யாருக்குச் சொல்லுதோ!” என்று சிரித்தாய். நேற்று மஞ்சுளா அக்கா கேட்டாள், “உங்க அண்ணன் இருந்தா இதைப் போடுவானா, மாட்டானா?” நீயே சொல்லு. நீ என்ன செய்திருப்பாய்?

ஞாயிற்றுக்கிழமை சுகாதாரப் பணியாளர்கள் மறுபடி வருகிறார்கள். நம் விவரமெல்லாம் யாரிடம் போகும் என்று சந்துக்கே காதில் விழும்படி நான் கேட்பேன். சரியான பதில் வந்தால்தான் அம்மாவின் பெயரைக் கொடுப்பேன். ஆனால் ஒன்று. நம் வீட்டில் யாருக்காவது ஒட்டிக்கொள்ளும் நோய் வந்தால், எந்த ஆப்பும் சொல்வதற்கு முன்னால் நானே வாசலில் நின்று சொல்லிவிடுவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் கூடப்பிறந்தவள்,
ராணி