எட்டாவது வாஷர்

அன்புள்ள மகளுக்கு,

என் மூட்டு வலியையும் அப்பாவின் மௌனத்தையும் கழித்துவிட்டுப் பார்த்தால் இங்கே இருவரும் நலம். உன் இருமல் நின்றதா என்று எழுது. மாத்திரையைப் பாதியில் நிறுத்தியிருப்பாய், எனக்குத் தெரியும்.

கட்டின புருஷனை ஒரு மாசம் வேலையிலிருந்து நிறுத்திவைக்க நீயே எழுதிக் கொடுத்தியாமே, வீட்டிலேயே பேசி முடிச்சிருக்கக் கூடாதா என்று போனில் கேட்டாய். பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன், எழுதினால்தான் எனக்கு நிதானமாக வரும். நடந்தது இவ்வளவுதான். பயிற்சிப் பள்ளியின் சின்ன விமானத்தில் எஞ்சினின் காற்றுப் பெட்டியை அப்பா கழற்றி மாட்டினார். கழற்றிய பழைய வாஷர்கள் எண்ணிக்கை குறையாமல் தட்டுக்கு வந்தால்தான் சோதிக்கிற நான் கையெழுத்துப் போடுவேன். எட்டு வர வேண்டும், ஏழுதான் இருந்தது. வேலை அட்டையில் எட்டும் சரி என்று எழுதியிருந்தார். கேட்டதற்கு, தரையில எங்கேயாவது உருண்டிருக்கும், பெருக்கும்போது கிடைக்கும், இருபது வருஷமா என்னைத் தெரியாதா உனக்கு என்றார். தெரிந்ததால்தான் பெட்டியைத் திரும்பக் கழற்றச் சொன்னேன். எட்டாவது வாஷர் எஞ்சினுக்குக் காற்று போகிற குழாயின் வாயிலேயே கிடந்தது. ஸ்டார்ட் செய்திருந்தால் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். மறுநாள் காலை அதில் முதல்முறையாகத் தனியாகப் பறக்க இருந்த பெண்ணுக்கு உன் வயசு.

வாஷர் விழுந்ததற்காக நான் எழுதவில்லை, யாருக்கும் கை தவறும். எண்ணாமலே எட்டு என்று எழுதியதற்குத்தான் எழுதினேன். பெட்டியைக் கழற்றியதும் குழாய் வாயைச் சிவப்பு மூடியால் அடைக்க வேண்டும். அடைக்கப் போன நேரத்தில் போன் வந்ததாம், தோளில் இடுக்கிக்கொண்டு பேசியபடியே வேலையைத் தொடர்ந்திருக்கிறார். அறிக்கையில் போன் அழைப்பு என்று மட்டும் போட்டேன், அழைத்தது நீ என்று போடவில்லை. அது அவசியமும் இல்லை. இனி வேலை நேரத்தில் அவரைக் கூப்பிடாதே.

வீட்டில் சாப்பிடுகிறார், துணி மடிக்கிறார், என்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் சுவரிடம் சொல்கிறார். நேற்று சுவரிடம், ஒண்ணாம் தேதி வேலைக்குப் போறேன், என் வேலையை அந்த ராட்சசியே சோதிக்கட்டும், வேற யாரும் வேண்டாம்னு மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன் என்றார். சரி என்று நானும் சுவரிடமே சொன்னேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இரு. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அவரிடம் பேசு. இதைப் படித்துவிட்டு என் பக்கம் மட்டும் பேசிவிடாதே, இப்போதைக்கு அவர் பக்கமும் ஓர் ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா